எந்தப் பக்கம் திருகுவது? – ஒரு முறுக்காணியை முன்வைத்து

சென்ற மாதம் இலக்கிய நண்பர்களின் கூட்டம் ஒன்று முடிந்து, தேநீர்க் குவளைகளோடு தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தோம். நம் பழைய மாணவர் ஒருவரும் வந்திருந்தார். தோளில் நீண்ட பை, பையினுள் பேஸ் கிட்டார். ஞாயிறுதோறும் தேவாலயப் பாடகர் குழுவிலும், முகூர்த்த நாள்களில் மெல்லிசைக் குழு ஒன்றிலும் வாசிக்கிறவர். பேச்சினூடே தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்டார்.

"சார், எங்கிட்ட ரெண்டு பேஸ் இருக்கு. ஒண்ணுல கீயை இந்தப் பக்கம் திருகினா சுருதி ஏறுது. இன்னொண்ணுல அதே பக்கம் திருகினா இறங்குது. மேடையில அவசரத்துல மாத்தித் திருகி மானம் போயிருக்கு. ஏன் சார் இப்படி வச்சிருக்காங்க?"

மூன்று பதில்கள் வந்தன. "அது டெக்னிக்கல் விஷயம் தம்பி, இலக்கியக் கூட்டத்துல எதுக்கு?" என்றார் மூத்தவர் ஒருவர். "வலப்பக்கம் திருகுவதே இயற்கை, கோயிலை வலம் வருகிறோம், வலம்புரிச் சங்கைப் போற்றுகிறோம், வலக்கையால் உண்கிறோம். உன் இரண்டாவது கிட்டார் பிழையாகச் செய்யப்பட்டது" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் பொறியியல் படித்தவர். "வெள்ளைக்காரன் காரணமில்லாம ஒண்ணும் செய்ய மாட்டான். ஏதாவது சயின்ஸ் இருக்கும்" என்று முடித்துவிட்டார். மாணவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

நாமும் அங்கேதான் நின்றோம், ஒன்றும் சொல்லவில்லை. கருவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. பையைத் திறந்து அதைப் புரட்டிப் பார்க்கலாம் என்று எவருக்கும் தோன்றவில்லை, நமக்கும் தோன்றவில்லை. அந்த மூன்று பதில்களுக்கும் நம் மௌனத்துக்கும் எதிராகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

*

முதலில் பொருளைப் பார்ப்போம். இளையராஜாவின் 1980-களின் பாடல்களைக் கேட்டு வளர்ந்த எந்தச் செவிக்கும் பேஸ் கிட்டாரின் குரல் அந்நியமன்று. பல்லவிக்கும் சரணத்துக்கும் அடியில் தனியே நடந்து செல்லும் அந்தத் தாழ்ந்த ஒலிதான் அது. செவி அறிந்ததைக் கண் அறியவில்லை, அவ்வளவே. பொதுவாக நான்கு தந்திகள். மிகத் தாழ்ந்த தந்தி நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. முழுச்சுருதியில் நிற்கும் ஒவ்வொரு தந்தியும் ஏறத்தாழ 20 கிலோ எடையைத் தொங்கவிட்டாற்போன்ற விசையோடு முறுக்காணியை இழுத்துக்கொண்டே இருக்கிறது.

வயலினிலோ வீணையிலோ இந்த இழுப்பைத் தாங்குவது உராய்வு மட்டுமே. கூம்பிய மரப் பிருடை, கூம்பிய துளையில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. திருகும்போதே உள்நோக்கி அழுத்த வேண்டும். காற்றில் ஈரம் மாறினால் நழுவும், அல்லது சிக்கிக்கொள்ளும். பேஸின் தடித்த தந்திக்கு அது போதாது. ஆகவே பற்சக்கரம் வந்தது. தந்தி சுற்றும் தண்டு தலைப்பலகையைத் துளைத்துப் பின்புறம் இறங்குகிறது. அதன் அடியில் ஒரு பற்சக்கரம். அச்சக்கரத்தை ஒட்டிக் குறுக்கே படுத்திருப்பது மரை வெட்டிய ஒரு சிறு கம்பி. பட்டறைக்காரர்கள் இதை 'வார்ம்' என்பார்கள். அக்கம்பியின் நுனியில் நாம் விரலால் பிடிக்கும் காது. வாசிப்பவர்கள் 'கீ' என்பது இதைத்தான். காதை ஏறத்தாழ 20 சுற்று திருகினால் தண்டு ஒரு சுற்று சுற்றும்.

இந்த அமைப்பின் அழகு அதன் ஒருவழித்தன்மையில் இருக்கிறது. வார்ம் சக்கரத்தைச் சுழற்றும், சக்கரத்தால் வார்மைச் சுழற்ற முடியாது. தந்தி எவ்வளவு இழுத்தாலும் காது தானாகத் திரும்பாது. மரை வலதாக வெட்டப்பட்டிருந்தாலும் இடதாக வெட்டப்பட்டிருந்தாலும் இந்தப் பூட்டு ஒன்றுபோலவே வேலை செய்யும். இதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் வாதம் முழுவதும் இதன்மேல் நிற்கிறது.

இனி, காது எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முடிவு செய்பவை மூன்று.

ஒன்று, தந்தி தண்டின் எந்தப் பக்கத்தில் சுற்றுகிறது என்பது. கழுத்தின் முடிவில், வாசிப்பவர்கள் 'நட்' என்று சொல்லும் சிறு கட்டையைத் தாண்டித் தந்தி தண்டை நோக்கிச் செல்கிறது. அது கோணாமல் நேராகச் செல்ல வேண்டும், அடுத்த தண்டில் இடிக்கக் கூடாது. ஆகவே காதுகள் இருக்கும் ஓரத்துக்கு எதிர்ப்புறமாக, உட்பக்கத்தில் சுற்றுகிறார்கள். இதற்குக் காரணம் உண்டு.

இரண்டு, வார்ம் சக்கரத்துக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது. தந்தி தண்டின் முன்நுனியைக் கழுத்தை நோக்கி இழுக்கும்போது, நெம்புகோல் போலப் பின்நுனி எதிர்த்திசையில் சாயப் பார்க்கும். அப்படிச் சாயும் பக்கத்தில் வார்ம் இருந்தால் பற்கள் மேலும் இறுகிப் பொருந்தும். எதிர்ப்பக்கத்தில் இருந்தால் விலகும். அமெரிக்கக் கிட்டார்களில் 1920-களின் நடுவில் சக்கரத்தின் இடம் வார்முக்கு மேலிருந்து கீழே மாறியது. இதற்கும் காரணம் உண்டு. தடித்த தகடும் உறுதியான பிடிமானமும் உள்ள இடத்தில் அக்காரணம் சற்று வலுவிழக்கும்.

மூன்று, மரை வலமா இடமா என்பது. இதற்கு மட்டும் கருவிக்குள் எந்தக் காரணமும் இல்லை. இரண்டும் பூட்டும், இரண்டும் தாங்கும், இரண்டும் ஒரே நுட்பத்தில் சுருதி சேர்க்கும்.

இம்மூன்றில் ஒன்றை மாற்றினால் காதின் திசை மாறும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் பழைய திசையே திரும்பி வரும். எதிர்மறையும் எதிர்மறையும் பெருகினால் நேர்மறை என்று பள்ளியில் படித்த கணக்குத்தான். ஆக, காது இந்தப் பக்கம் திரும்புவதற்குப் பாதி விடை இயற்பியலில் இருக்கிறது. மீதிப் பாதி, மரையை வெட்டியவர் எப்படி வெட்டினார் என்பதில் இருக்கிறது.

*

இப்போது வலம்புரிக்காரரிடம் வருவோம்.

'வலப்பக்கம்' என்று சொல்லும்முன் எங்கிருந்து பார்க்கிறோம் என்று சொல்ல வேண்டும். தலைப்பலகையை முன்னாலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும் தண்டு, பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழி. பார்ப்பவர் இடம்பெயர்ந்ததும் மங்களம் அமங்களமாக மாறிவிடுமா? தலைப்பலகையின் இரு ஓரங்களிலும் இரண்டிரண்டு காதுகள் உள்ள பேஸ்கள் பல. 1956-இல் வந்த ஹாஃப்னர் நிறுவனத்தின் வயலின் வடிவ பேஸ், பால் மெக்கார்ட்னியின் கையில் உலகப் புகழ் பெற்றது, அவ்வகையே. தந்திகள் உட்பக்கமாகவே சுற்ற வேண்டியிருப்பதால் ஓர் ஓரத்துத் தண்டுகள் ஒரு பக்கமும் மறு ஓரத்துத் தண்டுகள் எதிர்ப்பக்கமும் சுழல்கின்றன. ஒரே கருவியில் பாதி வலம்புரி, பாதி இடம்புரி. சங்கு வியாபாரிகள் என்ன விலை சொல்வார்களோ!

வலக்கை வாதமும் இப்படியே. வலக்கைப் பழக்கமுள்ளவர் பேஸ் வாசிக்கையில் வலக்கை தந்தியை மீட்டுகிறது. தலைப்பலகைக்கு எட்டிக் காதைத் திருகுவது இடக்கை. வலக்கைக்கு வசதியாக அமைத்தார்கள் என்று சொல்பவர், கருவியை ஒருமுறையும் கையில் எடுத்துப் பாராதவர் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடுகிறது. நம் பண்டைப் பெருமையை எதன்மேலும் பூசிவிடலாம் என்ற பழக்கத்தின் விளைவு இது. அப்பூச்சினால் பெருமை வளர்வதில்லை, பொருள்தான் மறைகிறது.

*

"வெள்ளைக்காரன் காரணமில்லாமல் செய்ய மாட்டான்" என்ற பதில் பார்வைக்கு அறிவியல் உடை உடுத்தியிருக்கிறது. ஆனால் முந்தைய பதிலுக்கு இது உடன்பிறப்பு. அங்கே பழைமைக்கு முன்னால் கேள்வியை வைத்துக் கும்பிட்டார்கள்; இங்கே தொழிற்சாலைக்கு முன்னால் வைத்துக் கும்பிடுகிறார்கள்.

கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் வானொலிப் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தவர் லியோ ஃபெண்டர். கிட்டார் வாசிக்கத் தெரியாதவர். அவருடைய நிறுவனம் 1951-இல் கொண்டுவந்த 'பிரிசிஷன் பேஸ்' தான் இன்றைய பேஸ் கிட்டார்களுக்கெல்லாம் அளவுகோல்: 34 அங்குலத் தந்தி நீளம், நான்கு காதுகளும் ஒரே ஓரத்தில். அதற்கு முன்பே 1930-களில் சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் மின்சார பேஸ் செய்திருந்தார், அது பரவவில்லை. ஃபெண்டர் எல்லாவற்றையும் தாமே வார்க்கவில்லை. தொடக்க கால முறுக்காணிகள் சிக்காகோவின் குளூசன் நிறுவனத்தில் செய்யப்பட்டவை. அந்தப் பழைய பாணி ஃபெண்டர் பேஸ்களின் காது, அதே நிறுவனத்தின் கிட்டார் காது திரும்பும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திரும்பும். பின்னாளில் வேறு நிறுவனங்கள் செய்த பேஸ்களில் பல, கிட்டாரைப் போலத் திரும்பும். நம் மாணவரிடம் இருப்பவை இந்த இரு குடும்பங்களையும் சேர்ந்தவை. அவற்றுள் ஒன்றும் பிழையில்லை.

இதில் பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. வாங்கிய பாகம் அப்படி வந்தது. அப்படி வந்த பாகத்துக்கு ஏற்ப மரத்தில் துளைகள் விழுந்தன. வாசித்தவர்களின் இடக்கை அதைக் கற்றுக்கொண்டது. பழுதானபோது அவர்கள் அதே பக்கம் திரும்பும் பாகத்தையே கேட்டார்கள். கேட்பவர் இருந்ததால் செய்பவரும் தொடர்ந்தார். இன்றும் மாற்று முறுக்காணி வாங்கப் போனால் இரு வகையும் கிடைக்கின்றன. தமிழ்99 விசைப்பலகை வந்தபின்னும் பழைய தட்டச்சு முறையிலேயே விரல் பழகியவர்கள் அதை விட மறுத்ததை நாம் கண்டிருக்கிறோம். கைக்குப் பழகியது என்பதும் ஒரு காரணம்தான். ஆனால் அது வரலாற்றின் காரணம். அதை இயற்கையின் காரணம் என்று சொல்லும்போதுதான் பொய் தொடங்குகிறது.

தொழிற்சாலைக்காரர்களே தங்கள் ஏற்பாட்டை வேதமாகக் கருதவில்லை. கிப்சன் நிறுவனம் 1953-இல் வெளியிட்ட தன் முதல் மின்சார பேஸில் காதுகளைப் பக்கவாட்டில் வைக்கவேயில்லை; பாஞ்சோ கருவியில் உள்ளதுபோலப் பின்னோக்கி நீட்டிவிட்டது. லியோ ஃபெண்டரே தம் நிறுவனத்தை விற்றபின், மியூசிக் மேன் நிறுவனத்துக்காக உருவாக்கி 1976-இல் வந்த ஸ்டிங்ரே பேஸில் மூன்று காதுகளை ஓர் ஓரத்திலும் ஒன்றை மறு ஓரத்திலும் வைத்தார். அந்த நான்காவது தண்டு மற்ற மூன்றுக்கும் எதிர்ப்பக்கம் சுழல்கிறது. நான்கையும் ஒரே ஓரத்தில் நிறுத்திய அதே மனிதர்! நெட் ஸ்டைன்பெர்கர் இன்னும் ஒரு படி போனார். 1980-களில் பரவிய அவருடைய பேஸுக்குத் தலைப்பலகையே கிடையாது. சுருதி சேர்க்கும் பகுதி உடலின் அடியில் இருந்தது. செய்தவர்களுக்கே இல்லாத பக்தி நம் பொறியாளருக்கு எங்கிருந்து வந்தது?

எல்லாமே வெறும் பழக்கம் என்றும் நாம் சொல்லவில்லை. அது மறுகோடியின் சோம்பல். மேசை மின்விசிறியைக் கழற்றித் துடைத்தவர்கள் அறிவார்கள்: இறக்கையைப் பிடித்திருக்கும் நடுக்குமிழ், வழக்கத்துக்கு எதிராகத் திருகினால்தான் கழலும். அதற்குத் திட்டமான காரணம் உண்டு. இறக்கை சுழலும் விசையே குமிழைக் கழற்றிவிடாமல் இறுக்க வேண்டும் என்பதற்காக அங்கே இடது மரை. மிதிவண்டியின் இடது மிதிக்கட்டைக்கும் இடது மரைதான். மிதிக்க மிதிக்கக் கழன்று போகாமல் இருக்க. அங்கே மரையை மாற்றி வெட்டினால் விபத்து. பேஸின் முறுக்காணியில் மாற்றி வெட்டினால் ஒரு வாரம் கை தடுமாறும், அவ்வளவே. இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதற்குப் பெயர்தான் கல்வி. எதையும் 'காரணம் இருக்கும்' என்று விடுபவருக்கும், எதையும் 'வெறும் மரபு' என்று தள்ளுபவருக்கும் அந்த வேறுபாடு கடைசி வரை தெரியப்போவதில்லை.

பெயர்களையும் கவனிக்க வேண்டும். பழைய ஃபெண்டர் பாணி முறுக்காணியைக் கடைக்காரர்கள் 'ரிவர்ஸ்' என்கிறார்கள். எதற்கு ரிவர்ஸ்? பரவலாக முதலில் வந்த பேஸின் திசையல்லவா அது? எண்ணிக்கையில் மிகுந்தது தன்னை 'நேர்' என்று அழைத்துக்கொண்டது. மற்றது 'தலைகீழ்' ஆயிற்று. செந்தமிழ், கொடுந்தமிழ் என்ற பிரிப்பைப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நடுவிலிருந்து பார்த்தவர்கள் தம் பேச்சைச் செம்மை என்றார்கள், எல்லைப்புறத்தின் பேச்சைக் கொடுமை, அதாவது வளைவு என்றார்கள். வளைந்திருந்தது நாவா, பார்வையா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை.

*

இறுதியாக முதல் பதிலுக்கு வருகிறோம். நம்மை அதிகம் சுட்டது அதுதான். "இலக்கியக் கூட்டத்துல எதுக்கு?"

பொருநராற்றுப்படையை நாம் பல ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். முடத்தாமக் கண்ணியார் கரிகாலனைப் பாட வந்தவர். ஆனால் மன்னனிடம் போகுமுன் யாழிடம் நின்றுவிடுகிறார். பத்தரின் பிளவு அவருக்கு விலங்கின் குளம்புத் தடமாகத் தெரிகிறது. துளையை அடைத்த ஆணியின் தலை, வளைக்குள்ளிருந்து பார்க்கும் நண்டின் கண்ணாகிறது. நரம்பை இழுத்துச் சுருதி சேர்க்கும் வார்க்கட்டுக்குத் திவவு என்று பெயர்; யாழுக்குப் பற்சக்கரமும் இல்லை, காதும் இல்லை, அந்தத் திவவுதான் அதன் முறுக்காணி. அதைக் கருநிறப் பெண்ணின் முன்கையில் அடுக்கிய வளையல்களுக்கு ஒப்பிட்டு, அது நெகிழாமல் இறுகக் கட்டப்பட்டிருப்பதையும் சொல்லாமல் விடவில்லை. கட்டு நழுவினால் பண் கெடும் என்பதை அறிந்தவரின் பார்வை அது. ஃபுல்லர்ட்டனில் பற்சக்கரத்தால் தீர்த்த அதே சிக்கலை, இங்கே வாரால் தீர்த்த ஒரு கைவினைஞரின் தோளருகே நின்று அவர் பார்த்திருக்கிறார்.

ஆணியில் நண்டின் கண்ணைக் கண்டவர் புலவர். ஆணியைப் பற்றிக் கேட்ட இளைஞரை 'டெக்னிக்கல்' என்று அனுப்பிவைத்தவர்கள் நாம். அவருடைய பாடலுக்கு உரை சொல்லி ஊதியம் பெறுகிறவர்களும் நாமே. உண்மையைச் சொன்னால், 'திவவு: வார்க்கட்டு' என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த அடிக்குப் போயிருக்கிறோம். அந்த வாரை எப்படி இறுக்குவார்கள் என்று நாமும் கேட்டுக்கொண்டதில்லை, மாணவர்களைக் கேட்கவும் விட்டதில்லை.

வேறுவகைத் தமிழாசிரியர்களும் இருந்தார்கள். விபுலாநந்த அடிகள் அறிவியலில் பட்டம் பெற்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். பழைய நூல்களில் கிடந்த யாழைக் கணக்காலும் செவியாலும் மீட்டெடுக்க ஆண்டுக்கணக்கில் உழைத்து 1947-இல் 'யாழ் நூல்' தந்தார். நரம்பின் நீளத்தைக் கணக்கிடுவது இலக்கியமா, அறிவியலா என்று அவர் வாசலில் நின்று தயங்கவில்லை. அவர் படத்துக்கு மாலை போடுகிற நாம், அவர் கேட்ட வகைக் கேள்வியைக் கேட்பவரை மட்டும் வெளியே நிறுத்துகிறோம்.

தொல்காப்பியர் எந்த விலங்கின் இளமைக்கு எந்தப் பெயர் என்பதை மரபியல் என்ற தனி இயலில் வைத்தார். மரபை மரபு என்றே அழைத்தார், அதற்கு மரியாதையும் தந்தார். பழக்கத்தை இயற்கையென்று விற்கும் வேலையை அவர் செய்யவில்லை. அது பின்வந்தவர்களின் தொழில். எது பொருளின் கட்டாயம், எது மனிதரின் உடன்பாடு என்று பிரித்தறியும் பழக்கம் ஒரு முறுக்காணியிலிருந்து தொடங்கலாம். அங்கே அதைப் பழகியவர், சாதிக்கும் சடங்கிற்கும் 'இதுதான் இயற்கை' என்ற பதில் வரும்போது எளிதில் தலையாட்டமாட்டார். அதனால்தான் இது சிறிய கேள்வியில்லை என்கிறோம்.

கூட்டம் முடிந்த மறுநாள் மாணவரை வீட்டுக்கு அழைத்தோம். இரண்டு பேஸ்களையும் கொண்டுவந்தார். மேசையில் குப்புறக் கிடத்தினோம். பழைய பாணிக் கருவியின் சக்கரங்களுக்கு மூடி இல்லை. பல், மரை எல்லாம் கண்ணெதிரே இருந்தன. அவர் காதை மெல்லத் திருக, மரை எந்தப் பக்கம் ஏறுகிறது என்று நாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தோம். மற்றதில் மூடி இருந்தது. சிறிய திருப்புளியால் ஒன்றைக் கழற்றினார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா சார்?" என்றார். அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. முந்தைய நாள் தாழ்வாரத்தில் மூன்று பேர் பதில் சொல்லவும் நாம் மௌனமாக நிற்கவும் எடுத்துக்கொண்ட நேரத்தைவிடக் குறைவு.

வரும் பருவத்தில் மறுபடியும் பொருநராற்றுப்படை நம் பங்குக்கு வருகிறது. அந்த வகுப்புக்கு அவரைக் கருவியோடு வரச் சொல்லியிருக்கிறோம்.